‘நான்’ என்று சொல்லும் வேலை

எனக்கு இருபத்து நாலு வயது. இந்த வயதில் ரிட்டயர் ஆனவள் மாதிரி உட்கார்ந்து உங்களுக்குப் புத்தி சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. மேடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற வேலையிலிருந்து நான் நின்றுவிட்டேன். இனிமேல் எனக்கு இங்கே சமையல்கட்டும் மாடி கூட்டுவதும்தான். அந்த இடத்தில் இனி நீங்கள் மூன்று பேரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். அதற்கு முன்னால் சிலது சொல்லிவிட வேண்டும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வைத்தியம் என்ன என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பெரிய அடி பட்ட மனசோடு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, மேடம் ஒரு நீளக் குச்சியை அவர்கள் கண் முன்னால் மெதுவாக நகர்த்துவார். எந்த இடத்தைப் பார்க்கும்போது நெஞ்சு ஜாஸ்தி கனக்கிறதோ அங்கே குச்சி நிற்கும். அதையே பார்த்துக்கொண்டு, உள்ளே வருவதையெல்லாம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. மற்ற நாளில் வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு நாம் தேவையில்லை. புதன்கிழமை நம் ஊர் ஜனங்கள் வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை நாம் இங்கிலீஷில் மேடத்துக்குச் சொல்ல வேண்டும். மேடத்துக்குத் தமிழில் ‘சாப்பிட்டியா’ மட்டும்தான் தெரியும். எனக்கு இங்கிலீஷ் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேயில் பாத்திரம் கழுவி, அப்புறம் ஆர்டர் எடுத்து வந்தது.

மேடம் முதல் நாளே ஒரு விதி சொல்வார். வந்தவர் ‘நான்’ என்று சொன்னால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அந்தம்மா விழுந்துட்டாங்களாம்’ என்று சொல்லக் கூடாது. ‘நான் விழுந்தேன்’ என்று சொல்ல வேண்டும். நடுவில் ஆள் இருக்கிறது என்பதே அவர்களுக்கு மறந்துபோக வேண்டும் என்பார். உங்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆம்பளைங்க வந்து சொல்லும்போது ‘என் பொண்டாட்டி’ என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியில் போனால் எல்லோரும் உங்களிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள். செங்கம் ரோடு டீக்கடை அண்ணன் என்னை ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

“ஏம்மா, அந்த வெள்ளக்காரம்மா குச்சி ஆட்டுறாங்களே, அதுல நெஜமாவே போவுதா?”

“போவுதுன்னு சொல்றாங்கண்ணா.”

“அவங்க சொல்வாங்க. நீ இன்னா சொல்றே?”

“டீயில சக்கர கம்மியா போடுண்ணா.”

இப்படித்தான் நான் தப்பித்துக்கொண்டு வந்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை, ஏனென்றால் சில பேர் எழுந்து போகும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சமயம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நம் ஊர்க்காரர் யார் வந்தாலும் குச்சி ஒரே மூலையில் போய் நிற்கும். வலது பக்கம், கொஞ்சம் மேலே. மேடத்துக்கு ஒரே ஆச்சரியம். அவர் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான், நான் நம் பாஷையில் எழுதுகிறேன்.

“செல்வி, உங்கள் ஊர்க்காரர்களின் துக்கமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே, கவனித்தாயா?”

“மேடம், அந்தப் பக்கம் மலை இருக்கிறது.”

“ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறோமே.”

“திரை போட்டால் மலை எங்கே போய்விடும் மேடம்?”

 மேடம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அடுத்த புதன்கிழமை அவரே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். இன்றைக்கு இந்தக் குச்சியின் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். முதலில் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். படிக்கட்டிலிருந்து ஒரு பையன் விழுந்ததைப் பார்த்ததிலிருந்து விசில் ஊத முடியாமல் இருந்தவர். மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். குச்சி தரைப் பக்கம் போய் நின்றது. போன தடவை எப்படி அழுதாரோ அதே மாதிரி அழுதார், அப்படியே நாற்காலியில் தூங்கிவிட்டார். அடுத்து வந்த அம்மா உட்காரவே மாட்டேன் என்றார்.

“இன்னாம்மா இது, அண்ணாமலையாருக்கு முதுக காட்டினு உக்கார சொல்றீங்க? நல்லா இருக்குதா?” என்று சொல்லி அவரே நாற்காலியைப் பழையபடி திருப்பிக்கொண்டார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடத்துக்கும் தெரியவில்லை. அவர் நாற்காலியை அதற்கப்புறம் திருப்பவில்லை. நீங்களும் ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் அவசரப்பட்டு டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தால் மாறிவிடும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

என் அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிற வேலை செய்தான். போன வருஷம் அறுவடை சமயத்தில் அவன் மகள் பாப்பாவைக் கீழ்பென்னாத்தூரில் அண்ணியின் அம்மா வீட்டில் லீவுக்கு விட்டுவிட்டு, அண்ணனும் அண்ணியும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காய வைத்து ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். எங்களுக்கு அது புதுசு இல்லை. அண்ணன் அந்த ரோட்டில் ஆயிரம் முறை போயிருப்பான். அன்றைக்குக் கல்லில் ஏறி, நெல்லில் சறுக்கி விழுந்துவிட்டான். பின்னால் வந்த வேனால் நிற்க முடியவில்லை, அண்ணன் அங்கேயே போய்விட்டான். அண்ணி நெல்லின் மேல் விழுந்ததால் சிராய்ப்போடு தப்பித்தாள்.

அதிலிருந்து அண்ணி வண்டி ஏறுவதில்லை. பைக், ஆட்டோ, பஸ், எதுவுமே. ஏறி உட்கார்ந்தால் மூச்சு முட்டி, கை விறைத்துக்கொள்ளும். ஊருக்குள் எங்கே போனாலும் நடைதான். பாப்பா அம்மாச்சி வீட்டிலேயே தங்கிவிட்டது. முதல் மாசங்களில் அண்ணி இருந்த நிலைமையில் அதுதான் நல்லது என்று அங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவார்கள். போகப் போகக் குழந்தை அண்ணியிடம் ஒட்டாமல் ஆகிவிட்டது. ஒரு தடவை போனில் அம்மாச்சியை “அம்மா, இங்க வாயேன்” என்று கூப்பிட்டது எங்கள் காதில் விழுந்தது.  அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இவள் வண்டி ஏறாவிட்டால் குழந்தை இவளுடையதாக இருக்காது.

பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். “மொதல்ல நிக்கிற ஆட்டோவுல ஏறி சும்மா உக்காருங்க. ஓட்ட வேணாம். தெனமும் உக்காருங்க” என்று சொல்லியிருந்தார். எதிர்வீட்டு ஆட்டோக்கார மாமா சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார். அண்ணி கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், உள்ளே போகமாட்டாள். எங்கம்மா கோயிலில் மந்திரித்த கயிறு கட்டிவிட்டது. அப்புறம் என் மேல் பாய்ந்தது.

“ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் அங்க பாக்குறீங்க. வீட்டுல ஒருத்தி இப்படி கெடக்கிறா. கூட்டினு போயேன்டி.”

“அது வேல செய்யுமான்னு எனக்கே தெரியலம்மா.”

“வேல செய்யாத எடத்துல நீ இன்னாத்துக்கு வேல செய்றே?”

அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீடு இருக்கிற வேட்டவலம் ரோட்டிலிருந்து இரண்டு பேரும் நடந்தே போனோம். என்னை விட்டால் அப்போது தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லை. மேடம் தயங்கினார். “இது உன் அண்ணன் விஷயம். உன்னால் முடியுமா?” என்றார். முடியும் என்றேன். எவ்வளவோ பேர் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒரு மரத்துக்குள்ளே தண்ணீர் போகிற மாதிரி அது என் வழியாகப் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி மெதுவாகப் பேசினாள். நான் இங்கிலீஷில் சொன்னேன். நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் பை இருந்தது. வெயில் சாய்ந்திருந்தது. பையைத் திறந்தேன். குழந்தையின் தண்ணி பாட்டில் பையிலேயே இருந்தது, கொடுக்க மறந்துவிட்டேன். அது இல்லாமல் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த கதைதான். பாட்டில் தெரியாது. அண்ணி நிறுத்திவிட்டாள். குச்சி அப்படியே நின்றது. அவள் குச்சியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவர் தோள்ல தட்டினேன் செல்வி. வண்டிய திருப்புன்னு சொல்றதுக்கு. அவர் திரும்பிப் பாத்தாரு.”

இதை இதுவரைக்கும் எங்கள் யாரிடமும் அவள் சொன்னதில்லை. போலீஸிடமும் சொல்லவில்லை. மேடம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை விட்டுவிட்டு ‘அவர் திரும்பிப் பார்த்தார்’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மேடத்துக்குத் தெரிந்திருக்காது. வெளியே போய் அண்ணியைக் கேட்டிருக்கலாம், நீதானா என்று.  ஆனால் நமக்குக் கொடுத்த விதி ஒன்றுதானே இருக்கிறது.

நான் தோளில் தட்டினேன் என்று சொன்னேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் அண்ணனைக் கொன்றுவிட்டாளே என்று அந்த நேரம் அண்ணி மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்த நேரம் தட்டியது நான். என் விரலில் அவன் சட்டை தெரிந்தது. டைல்ஸ் பவுடர் படிந்து சொரசொரப்பாக இருக்கும் அந்தச் சட்டை.

அண்ணி ரொம்ப நேரம் அழுதாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். நான் அழவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில் அண்ணி பசிக்கிறது என்று சொல்லி இரண்டு பஜ்ஜி வாங்கித் தின்றாள். அண்ணன் போனதிலிருந்து அவள் வாயால் பசி என்று கேட்டு அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். ஆட்டோ வந்தது. காலைத் தூக்கி வைத்தேன், கை கம்பியைப் பிடித்ததும் விறைத்துக்கொண்டது. மூச்சு மேலே வரவில்லை. “ஏறும்மா, டைம் ஆவுது” என்று டிரைவர் கத்தினார். நான் இறங்கிவிட்டேன். சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் என்று நினைத்து நடந்தேன். அடுத்த நாளும் நடந்தேன். அதற்கடுத்த நாள் பூக்கடை அக்கா பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி, பௌர்ணமிகூட இல்ல, தெனம் கிரிவலமா?”

“ஆமாக்கா, வேண்டுதல்” என்று சொல்லிவிட்டேன்.

அண்ணிக்கு அந்த வாரம் நல்ல தூக்கம். அதனால் ஒரு சிக்கல் வந்தது. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

“குச்சியிலேயே சரியாயிடும்னா இத எதுக்கு முழுங்கணும்? நீ அங்கயே இருக்கிறவ. சொல்லு, அது நெஜந்தானே?”

உங்களிடமும் ஒரு நாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். நிஜம் என்று சொன்னால் மாத்திரையை விட்டுவிடுவாள். பொய் என்று சொன்னால் கிடைத்த கொஞ்சம் தூக்கமும் போய்விடும். எனக்கு இரண்டும் தெரியாது.

“தெரியல அண்ணி. ஆனா மாத்திரைய மட்டும் டாக்டர கேக்காம நிறுத்தாத.”

“தெரியலையா? தெரியாதவ எதுக்குடி என்ன கூட்டினு போயி, உள்ள இருந்ததெல்லாம் வெளிய எடுக்க வெச்சே?”

அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மாத்திரையை நிறுத்தவில்லை. அன்றைக்கு நான் வேறு எதையாவது சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வேறு என்ன சொல்வது என்று உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

சாயங்காலம் மாமாவின் ஆட்டோவில் போய் உட்கார ஆரம்பித்தாள். முதலில் ஓரத்தில், அப்புறம் நடுவில். அப்புறம் மாமா இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் பண்ணினார். அப்புறம் தெருமுனை வரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, கீழ்பென்னாத்தூர் போவுமா உங்க வண்டி?”

“சந்திரனுக்கே போவும், நீ ஏறு.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, ஆனால் உட்கார்ந்தாள். எங்கம்மா வாசலிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அண்ணி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

“செல்வி, வாயேன். தனியா போவ ஒரு மாதிரியா இருக்குது.”

இத்தனை நாள் கழித்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. நான் போய்க் கம்பியைப் பிடித்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணி என் விரல்களைப் பார்த்தாள். அந்த விறைப்பு அவளுக்குத் தெரியாதா?

“எப்போலருந்து?” என்றாள்.

நான் கையைக் கம்பியிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

“அதான் நடந்து போறியா? வேண்டுதல்னு பூக்கடைல சொன்னியாமே?”

“நீ போ அண்ணி. பாப்பா காத்துனு இருக்கும்.”

இறங்கி வரப் பார்த்தாள். நான்தான் மாமாவைப் போகச் சொன்னேன். ஆட்டோ தெரு திரும்பும் வரைக்கும் அவள் வெளியே தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் குழந்தையோடு வந்தாள். அவள் மடியில் தலை வைத்துக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கம்மா கயிறு என்கிறது. மாமா என் வண்டி ராசி என்கிறார். டாக்டர், மாத்திரையும் பழக்கமும் என்கிறார். மேடம் குச்சி என்று சொல்லவில்லை, சொல்லணும் என்ற ஆசை மட்டும் கண்ணில் தெரிந்தது. அண்ணியையே கேட்டேன்.

“அது எதுவும் இல்லடி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நீ எனக்காக ‘நான்’னு சொல்றது தெரியும். அவர் தங்கச்சி வாயால ‘நான் தட்டினேன்’னு வந்துது பாரு. அப்போதான் எனக்கு மூச்சு வந்துது.”

அப்படியென்றால் குச்சி வேலை செய்ததா, செய்யவில்லையா? செய்யவில்லை என்றால் அவளிடமிருந்து போனது எது? செய்தது என்றால் எனக்கு ஏன் வந்தது? எங்கம்மா கேட்டுவிட்டு, “அவகிட்டருந்து எறக்கினது உம்மேல ஏறிக்கிச்சு” என்று எனக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னிடம், “அண்ணன் எறந்தப்ப நீங்க அழுதீங்களாம்மா?” என்று கேட்டார். சமையல், போலீஸ் ஸ்டேஷன், அண்ணிக்குத் துணை என்று நான் ஓடிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். “இது அங்கருந்து வந்தது இல்ல. உங்களுதுதான். உள்ளயே இருந்திருக்குது” என்றார். அவர் சொல்வதுதான் சரி மாதிரி இருக்கிறது. ஆனால் என்னுடையது என்றால் ஏன் என் விரலில் தோள் தெரிகிறது? நான் அந்த பைக்கில் இல்லையே.

மேடத்திடமும் சொல்லிவிட்டேன்.  உன்னை அதில் உட்கார வைத்திருக்கக் கூடாது என்றார். எது சரி, எது வேலை செய்கிறது என்று நான் கேட்டதற்கு, எனக்கும் தெரியாது செல்வி என்றார். அவர் அப்படிச் சொன்னதிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை ஜாஸ்தியாகிவிட்டது, வைத்தியத்தின் மேல் நம்பிக்கை கம்மியாகிவிட்டது. நீயே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாயா என்று கேட்டார். மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

அண்ணி விடவில்லை. இப்போது சாயங்காலம் நிறுத்தி வைத்த மாமாவின் ஆட்டோவில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், முன்னால் மாமா சீட்டில் குழந்தை ஹாரனை அமுக்கிக்கொண்டு. ஹாரன் சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டால் குழந்தை சிரிக்கிறது. டாக்டர் சொன்ன மாதிரிதான் செய்கிறோம். நேற்று அண்ணி கேட்டாள்.

“நீயும் போயி உக்காரேன் அங்க.”

“எனக்கு நம்பிக்க இல்ல அண்ணி.”

“எனக்கு மட்டும் இருந்துதா?”

அதனால் இந்தப் புதன்கிழமை நான் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியுமே, நேராகவே மேடத்திடம் பேசலாமே என்று நினைப்பீர்கள். பேசிப் பார்த்தேன். இங்கிலீஷில் அண்ணன் சாவு ஆர்டர் எடுக்கிற மாதிரி வருகிறது. எனக்கு இங்கிலீஷில் அழ வராது. தமிழில்தான் சொல்ல வேண்டும். அப்படியென்றால் உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் ‘நான்’ என்று சொல்ல வேண்டும்.

வீட்டு ஆளுக்கு இந்த வேலை செய்யாதீர்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். உறுதியாக என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. இது வேலை செய்யுமா என்று தெரியாது. ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குப் போகுமா என்றும் தெரியாது. டாக்டர் போகாது என்கிறார். அவர் சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாருக்கு அண்ணன் இல்லையோ, அவள் வந்து உட்காரட்டும்.